கியூபெக்கில் ஒரு தர்ம அடி

நியூ ஜெர்சியில், பார்சிப்பனி என்கிற ஊரில், நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாதம் ஒருமுறையாவது தீ எச்சரிக்கை மணி அடிக்கும். தீ இருக்காது. யாராவது ஜன்னலைத் திறக்காமல் காய்ந்த மிளகாய் தாளித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் மணி அடித்துவிட்டால் எல்லோரும் இறங்கிப் புல்வெளியில் நின்று, தீயணைப்பு வண்டி வந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள் என்று பார்ப்பது அந்த நேரத்தில் எனக்குப் பொழுதுபோக்கு. மூன்றாம் மாடி அம்மாள் பூனையோடு வருவார். எதிர்வீட்டு இளைஞன் கிதாரோடு வருவான். ஒரு பெரியவர் தன் மனைவியின் அஸ்திக் கலசத்தை மார்போடு அணைத்தபடி நின்றதையும் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் மட்டும், தமிழரோ தெலுங்கரோ குஜராத்தியரோ, முதுகில் ஒரு பையோடு வருவோம். பையில் என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. எல்லார் பையிலும் ஃபைல்தான். ஒருமுறை நான் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிய பிறகுதான் மனைவியும் மகளும் பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுதா எந்தச் சண்டையிலும் இதை எடுத்துப் போடாமல் இருந்ததில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த ஃபைலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கத் தொடங்கியபோது தலையில் முடி இருந்தது. வரிசை நகரும்வரை, 'இவர் இன்னும் மூன்று வருடம் இங்கே இருந்து வேலை பார்க்கலாம்' என்று அரசாங்கம் அவ்வப்போது ஒரு தாள் அனுப்பும். ஐ-797 என்று பெயர். சாதாரணத் தாள்தான், அடியில் கிழித்தெடுக்கிற மாதிரி ஒரு துண்டு இருக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கும் என் விசா முத்திரை எப்போதோ காலாவதியாகிவிட்டது. புது முத்திரைக்கு இந்தியா போய்த் தூதரகத்தில் நிற்க வேண்டும். போனவன் திரும்பி வருவதற்குள் வேலை இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆனால் கனடாவுக்கு மட்டும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் திரும்பிவிட்டால், முத்திரை செத்துப்போயிருந்தாலும் இந்தத் தாளின் அசலைக் காட்டி உள்ளே வந்துவிடலாம். எங்கள் வக்கீல் அம்மாள் இதை விளக்கிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். "அங்கே போலீஸ் விவகாரம் எதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். மாட்டினால் நீங்கள் இந்தப் பக்கம் திரும்புவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது." நான் சிரித்தேன். பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கார் ஹாரன் அடிக்காதவன் நான். பின்னால் போலீஸ் வண்டி வந்தால், சும்மா வந்தாலே, ஓரமாக நிறுத்திவிட்டு லைசென்ஸைத் தேடுகிற ஜாதி.

கியூபெக் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது மகள் நிலா. பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள், அமெரிக்காவின் நீல பாஸ்போர்ட் வைத்திருப்பவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளியில் மூன்று வருடமாகப் பிரெஞ்சு படிக்கிறாள், அதை நிஜ மனிதர்களிடம் பேசிப் பார்க்க வேண்டுமாம். ஜூலை நாலாம் தேதி நீண்ட வார இறுதிக்குப் போவதென்று முடிவானது. கனடா விசா வாங்கியாயிற்று. முதல் நாள் நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுதா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஒரு தாளும் பாஸ்போர்ட்டும் போதாதா? உங்க பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் எதுக்குங்க?"

"கேட்டா?"

"யாரு கேப்பா? கணக்குல அறுபத்திரெண்டு வாங்கினவன்னு கனடாக்காரன் திருப்பி அனுப்பிடுவானா?"

"கல்யாண போட்டோவும் ரெண்டு வச்சிருக்கேன். நீ என் பொண்டாட்டின்னு நிரூபிக்கணும்ல."

"மறுத்துச் சொல்ல நானும் ஏதாவது எடுத்துட்டு வரட்டுமா?"

ஒன்பது மணி நேரக் கார்ப் பயணம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மெல்லிய தூறலில், ஊரைச் சுற்றக் கிளம்பினோம். அழகான ஊர். அதில் சந்தேகமில்லை. கல் பாவிய தெருக்கள், ஜன்னல்தோறும் பூந்தொட்டிகள், மேலே அரண்மனை மாதிரி ஒரு ஹோட்டல், கீழே செயின்ட் லாரன்ஸ் ஆறு. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. பார்க்க வேண்டியவை என்று பட்டியலில் இருப்பவையெல்லாம் ஆளைக் கொல்ல உண்டாக்கியவை. ஊரைச் சுற்றி மதில், மதிலில் துப்பாக்கி நுழைக்க ஓட்டைகள், மேலே கோட்டை, ஆற்றைப் பார்த்து வரிசையாகப் பீரங்கிகள். குழந்தைகள் பீரங்கியின் மேல் குதிரை ஏறுகிற மாதிரி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். ஒரு பெரிய புல்வெளிக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே மோதிக்கொண்டதில், முக்கியமான சண்டை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். இரண்டு பக்கத் தளபதிகளும் குண்டடிபட்டுச் செத்தார்களாம். நிலா பலகையைப் படித்துச் சொல்ல, சுதா ஒரு சப்பாத்தி ரோலை எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். எத்தனையோ பேர் குடல் சரிந்து கிடந்த இடத்தில் உருளைக்கிழங்கு மசாலா நன்றாகவே இருந்தது.

நான் கடலூர்க்காரன். இதே வெள்ளைக்காரர்கள் இதே காலத்தில் எங்கள் ஊரிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடலூர்க் கோட்டையில் ஆங்கிலேயர், பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இவன் அங்கே சுட, அவன் இங்கே சுட, நடுவில் எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் கூலிக்குச் செத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்து ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம், அது எதற்கு இடிந்தது என்று யாரும் கேட்டதில்லை. இங்கே அதே சண்டைக்கு டிக்கெட் போட்டு, பலகை நட்டு, கழிப்பறை கட்டிவைத்திருக்கிறார்கள். இதை நிலாவிடம் சொன்னேன். "கூல்," என்றாள். நிஜமாகவே கூல் என்று நினைத்தாளா, என் வாயை அடைப்பதற்காகச் சொன்னாளா என்பது இன்றுவரை தெரியாது.

நண்பகலுக்குச் சற்று முன் ஆற்றோரம், உயரத்தில் இருக்கும் மரப்பலகை நடைமேடைக்கு வந்தோம். அங்கே டல்லாஸிலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குடும்பம் அறிமுகமானது. பிரசாத் என்று பெயர். என் வயது, என் வயிறு, நான் போட்டிருந்த அதே கருநீல மழைக்கோட்டு. மொத்த விலைக் கடையில் இரண்டு வாங்கினால் மலிவு என்று எல்லோரும் வாங்கிய கோட்டு அது. அவர்களை நாங்களும் எங்களை அவர்களும் படம் எடுத்துக்கொடுப்பது என்று ஏற்பாடு. பீரங்கிப் பக்கத்தில் நான் விறைப்பாக நின்றதும் சுதா கத்தினாள். "அந்தப் பைய இறக்கி வைங்க. போட்டோல கூன் விழுந்த மாதிரி இருக்கீங்க." இறக்கினேன். பக்கத்து பெஞ்சில் வைத்தேன். அதே பெஞ்சின் அடுத்த முனையில் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒரு வயதான உள்ளூர்க்காரர், காகிதக் கோப்பையில் பூட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் குழம்பை ஊற்றித் தருகிற அந்த ஊர்ப் பண்டம். அவரிடம் சைகையிலேயே 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னேனோ, சும்மா தலையாட்டினேனோ, இப்போது சத்தியம் செய்யத் தயாரில்லை.

அப்போது வெடித்தது. மேலே கோட்டையிலிருந்து, நெஞ்சுக்குள் கை விட்டு உலுக்கின மாதிரி ஒரு வெடி. அமெரிக்காவில் வருடத்துக்கு இரண்டு முறை அலுவலகத்தில் பயிற்சி கொடுப்பார்கள், துப்பாக்கிக்காரன் நுழைந்தால் என்ன செய்வது என்று. முதலில் ஓடு. ஓட முடியாவிட்டால் ஒளிந்துகொள். நிலாவுக்கு மழலையர் பள்ளியிலிருந்தே பழக்கம்; விளக்கை அணைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் மூச்சுவிடாமல் உட்காரக் கற்றுக்கொடுத்த பிறகுதான் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நான் யோசிக்கவில்லை. சுதாவின் கையைப் பிடித்தேன், "ஓடு! ஓடு!" என்றேன், ஓடினேன். நிலா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். குனிந்தபடி, வளைந்து வளைந்து, நேராக ஓடினால் குறி தவறாது என்று யாரோ சொன்னதை நினைவில் வைத்து, ஒரு குப்பைத்தொட்டியைச் சுற்றி, படிக்கட்டு வரைக்கும் போனோம். படிக்கட்டில் ஒரு ஜப்பானியக் குழு நின்று எங்களைப் பார்த்தது. வேறு யாரும் ஓடவில்லை. சிலர் கைதட்டினார்கள். தினமும் நண்பகலுக்கு ஒரு பீரங்கி வெடிப்பது அந்த ஊர் வழக்கமாம். கையேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிக் கீழே போய்விட்டோம். நிலா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தாள். கீழே ஒரு கடையில் தொப்பி விலை விசாரித்துக்கொண்டிருக்கும்போது முதுகு லேசாக இருப்பதை உணர்ந்தேன். நல்ல காற்று முதுகில் பட்டது. பதினெட்டு வருடத்தில் அங்கே காற்றுப் பட்டதில்லை.

எத்தனை படி ஏறினேன் என்று தெரியாது. மேலே வந்தபோது பெஞ்ச் காலி. நடைமேடையின் மறுகோடியில், சாம்பல் தொப்பிக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். கையில் என் பை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, புதுச்சேரிப் பேருந்து நிலையத்துக்கு உங்களைக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கடலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். யாரோ "திருடன்" என்றார்கள். அடுத்த நிமிடம் கைலி கட்டின ஒரு ஆள் நடுவில் கிடந்தான், சுற்றி நாற்பது பேர். பழக்கூடைக்காரர் அடித்தார், நேரக்காப்பாளர் அடித்தார், கண்ணாடி போட்ட ஆசிரியர் மாதிரி ஒருவர் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து அடித்தார். தர்ம அடி என்று நாம் சொல்லுகிற சமாசாரம். யார் வேண்டுமானாலும் ஒன்று போடலாம், யார் போட்டது என்று கணக்கில்லை, வழக்கும் கிடையாது. நானும் போய் ஒரு உதை விட்டேன். கெண்டைக்காலில். எனக்கு அவன் மேல் கோபம் எதுவும் இல்லை. எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள், இடம் இருந்தது, உள்ளே போனேன். அவன் என்ன திருடினான், உண்மையில் திருடினானா என்று எனக்குத் தெரியாது. பஸ் வந்தது, ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் தூங்கிக்கொண்டே போனேன்.

அந்தக் கால் முப்பது வருடம் கழித்து கியூபெக்கில் ஓடியது. "திருடன்! புடி! புடிங்க அவன!" என்று சுத்தத் தமிழில் கத்திக்கொண்டு ஓடினேன். ஒருவரும் பிடிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னாலிருந்து அவர் மேல் பாய்ந்தேன். நனைந்த பலகை, இருவரும் விழுந்தோம். அவர் முகம் பலகையில் மோதின சத்தம் கேட்டது. தேங்காய் விழுகிற சத்தம். பையை இழுத்தேன், வரவில்லை. வார் அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது; அதை அப்போது நான் பார்க்கவில்லை. விடமாட்டேன் என்கிறான், என்ன திமிர் என்று நினைத்தேன். புரட்டிப் போட்டு மூக்கில் குத்தினேன். "விடுடா கைய! விடுடா!" மறுபடி குத்தினேன். மூக்கிலிருந்து ரத்தம் என் விரல் இடுக்கில் வெதுவெதுப்பாக வந்தது. மூன்றாவது அடி பல்லில் பட்டு என் கையே கிழிந்தது. நாலாவதை எதற்கு அடித்தேன் என்று கேட்காதீர்கள். கை ஓங்கியிருந்தது, இறக்கினேன். வார் கழன்று பை என்னிடம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். பை என் கையில் இருக்கிறது, சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் விலாவில் ஒரு உதை விட்டேன்.

"அப்பா, ஸ்டாப்! ஸ்டாப் இட்!"

நிலாவின் குரல். யாரோ பின்னாலிருந்து என் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார்கள். பிரசாத். மூச்சு வாங்க ஆங்கிலத்தில் சொன்னார்: "சார், சார், விடுங்க. எங்ககிட்ட குடுக்கத்தான் ஓடிவந்தார். நாங்கதான் பையை மறந்துட்டோம்னு நினைச்சுட்டார் போல. கூப்பிட்டுக்கிட்டே வந்தார்." பிரசாத்தின் மழைக்கோட்டைப் பார்த்தேன். என் மழைக்கோட்டைப் பார்த்தேன். கீழே கிடந்தவர் ஒரு கையை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார், இன்னும் அடி வரும் என்று. அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. தொப்பி உருண்டு போயிருந்தது. தலையில் என்னைவிடக் குறைவாகவே முடி.

தர்ம அடிக்குக் கூட்டம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுற்றி நாற்பது பேர் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் எல்லோர் கையிலும் போன். போன் எல்லாம் என்னைப் பார்த்து. நடுவில் இரண்டு பேர். ஒருவருக்கு ரத்தம், ஒருவன் கையில் ரத்தம். பழக்கூடைக்காரர் இல்லை, குடைக்காரர் இல்லை. அத்தனை அடியும் நான் ஒருவனே அடித்தவை.

சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பெண். அவர்தான் கேள்வி கேட்டார், பிரெஞ்சில், மெதுவாக. பெரியவரை பெஞ்சில் உட்காரவைத்து, சுதா தன் கைப்பையில் இருந்த காகிதக் கைக்குட்டைகளையெல்லாம் அவர் மூக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "ஸாரி, ஸாரி" என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் வரவில்லை. என் மண்டைக்குள் வக்கீல் அம்மாளின் குரல். கைது என்றால் எல்லை இல்லை. எல்லை இல்லையென்றால் வேலை இல்லை, வீடு இல்லை, நிலாவின் பள்ளிக்கூடம் இல்லை. பதினெட்டு வருட வரிசை ஒரு நிமிடத்தில் கலைந்துபோகும். நான் நிலாவின் காதருகில் போனேன்.

"நிலா, அவங்ககிட்ட சொல்லும்மா. அவர்தான் பைய இழுத்தாரு, தடுக்கறப்போ தெரியாம கை பட்டுடுச்சுன்னு சொல்லு."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தமிழில் பதில் சொல்லாதவள் அவள். சொன்னாள்.

"எத்தன தடவ தெரியாம கை பட்டுச்சுப்பா?"

பிறகு போலீஸ் பெண்ணின் பக்கம் திரும்பி, பள்ளிப் பிரெஞ்சில், சொல் சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, புரியவும் தேவையில்லை. விரல் விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. பிறகு சொல் கிடைக்காமல் கொஞ்சம் தயங்கி, வலது காலை லேசாகத் தூக்கிக் காட்டினாள். மூன்று வருடம் ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்த பியானோகூட அவள் இவ்வளவு தப்பில்லாமல் வாசித்ததில்லை.

போலீஸ் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பெரியவரிடம் குனிந்து கேட்டார். ரெனே என்று அவர் பெயர் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் என்னைக் காட்டி நீளமாக ஏதோ பேசினார்.

"புகார் குடுக்கறாரான்னு கேட்டாங்க," என்றாள் நிலா. "அது அப்பறம்ங்கறார். மொதல்ல அந்தப் பைல என்ன இருக்குன்னு பாக்கணுமாம்."

திறந்தேன். பணம், நகை, யாருக்காவது உயிர் காக்கிற மருந்து, அப்படி ஏதோ எதிர்பார்த்து அவர் எட்டிப் பார்த்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சில் வைத்தேன். பிறப்புச் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். கல்லூரிப் பட்டம். சம்பளச் சீட்டுகள். கல்யாண போட்டோவில் மீசையோடு நானும், என்னைப் பிடிக்காத மாதிரி சுதாவும். கடைசியில் அந்தத் தாள். அவர் கை நீட்டினார், கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். மறுபக்கம் திருப்பினார். வேறு ஏதாவது உண்டா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்தார். அப்போது அவர் மூக்கிலிருந்து ஒரு பெரிய சொட்டு, தாளின் அடியில் இருந்த துண்டின் மேல், சரியாக என் பெயருக்குப் பக்கத்தில் விழுந்தது.

நான் தாளைப் பிடுங்கினேன். யோசித்துச் செய்ததில்லை. பிடுங்கி, ஊதி, என் கோட்டில் ஒற்றினேன். நிமிர்ந்தபோது நிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பர்தோன், மிஸ்யே," என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. என் காகிதத்தின் மேல் ரத்தம் சிந்தியதற்கு.

புகார் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். பெரிய மனசு என்று நான் கண் கலங்கத் தொடங்கியபோது நிலா மீதியையும் மொழிபெயர்த்தாள். "கோர்ட்டுன்னா மறுபடியும் உங்க மூஞ்சியப் பாக்கணுமாம். அதுக்கு இஷ்டமில்லையாம்." போலீஸ் பெண் என் பாஸ்போர்ட் விவரங்களைக் குறித்துக்கொண்டார். பெரியவர் மனது மாறினால் கூப்பிடுவோம் என்றார். ரெனேயை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி வந்தது. நான் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், அதில் காய்ந்திருந்த தன் ரத்தத்தைப் பார்த்தார், வண்டியில் ஏறிக்கொண்டார். அவருடைய தொப்பியை சுதா ஓடிப்போய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலையே கிளம்பிவிட்டோம். மருத்துவமனையில் விசாரிக்கலாம் என்று சுதா சொன்னாள். அந்த ஊரில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் மனது மாறின செய்தி வந்துவிடும் என்று நான் பயந்தேன். கையில் வீக்கம் ஏறி, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. நிலா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல் ஒரு ஜோக் சொன்னேன், மாடுகளைப் பற்றி. சுதா, "வாய மூடிட்டு ஓட்டுங்க," என்றாள். எல்லை நெருங்கியது. தாளை எடுத்துப் பார்த்தேன். இரவு முழுக்க ஈரத் துணியால் ஒற்றி எடுத்ததில் கறை பெரிதாகி, துண்டின் கால்வாசியைப் பிடித்திருந்தது.

"பூட்டின் குழம்புன்னு சொல்லிடலாம்," என்று சுதாவிடம் கிசுகிசுத்தேன்.

பின்சீட்டில் இயர்போன் கழன்றது. "அது பிரவுன் கலர்ப்பா," என்றாள் நிலா. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வெர்மான்ட் எல்லைச் சாவடியில் அதிகாரி இளைஞர். எங்கே போனீர்கள், எதற்கு, எத்தனை நாள். கியூபெக், சுற்றிப் பார்க்க, இரண்டு நாள். பாஸ்போர்ட்டைப் புரட்டினார், காலாவதியான முத்திரையைப் பார்த்தார், தாளைக் கேட்டார். கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இது என்ன?"

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உறுதி பூண்டு சொன்னேன் என்று எழுத ஆசைதான். தொண்டை வரை 'சாஸ்' வந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நிலா இயர்போனைக் கழற்றியிருந்தாள். எனக்காகக் காத்திருந்தாள்.

"ரத்தம்," என்றேன்.

"உங்களுடையதா?"

"இல்லை. ஒரு பெரியவருடையது. நான் அவரை அடித்தேன். அவர் என் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார். பிறகு காரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காரச் சொன்னார்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஊரில் என் அக்கா போன் போட்டு அழுவாள். கியூபெக் போலீஸிடம் பேசினார்கள், புகார் இல்லை என்று தெரிந்தது, தாளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரம் முடிவு எதுவும் தெரியாது. சுவரோடு சேர்த்துத் திருகின இரும்பு நாற்காலி வரிசை. போன் கூடாது. சுதா ஒரு கோடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், வீக்கம் யாருக்கும் தெரியாமல்.

ஒரு பெண் அதிகாரி வந்து நிலாவின் நீல பாஸ்போர்ட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நீ அமெரிக்கக் குடிமகள். இங்கே உட்கார வேண்டிய அவசியமில்லை. வெளியே போய் நிற்கலாம்," என்றார் அன்பாக. நிலா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் நல்ல வெயில். கதவிலிருந்து பத்தடி தள்ளி, வெர்மான்ட் மண்ணில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சாலை தெற்கே எங்கள் வீடு வரைக்கும் போகிறது. அவள் அதில் நடந்தே போயிருக்கலாம், யாரும் தடுக்க முடியாது. நான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடமாக நான் நிற்கிற வரிசையின் அந்த முனை எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குதிரைவால் கட்டி, ஜீன்ஸ் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. நிலா உள்ளே வந்தாள். அந்த அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். நிலா நாற்காலி வரிசையை ஒருமுறை பார்த்தாள். என் வரிசையில்தான் வந்து உட்கார்ந்தாள், எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு.